அரங்கத்திற்கு எத்தனை வாசல்?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள நமது தோழர்கள் சில காலமாக ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசி வருகின்றனர். அஃது என்னவெனில், கூத்தும் நாடகமும் நடத்துவதற்கென்று, பழைய ஊரின் நடுவிலேயே, தேரோடும் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் அருகில், இக்காலத்து முறையில் ஒரு நல்ல அரங்கம் கட்டப்பட வேண்டும் என்பதாகும். அவ்விரு ஊர்களுக்கும் நாம் பிரசாரத்திற்குப் போயிருந்தபோது டீக்கடையிலும் தெருமுனையிலும் இதைப் பற்றிப் பலருடன் பேசினோம். ஆதரித்தவர்கள் அநேகர். அவர்கள் வெங்காயம் மூட்டை கட்டுகிறவர்கள், சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், இளைஞர்கள். ஆட்சேபித்தவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் பெரிய மனிதர்கள். அவர்கள் சொன்னவை மூன்று.

ஒன்று: "பழமையான தெருவில் புதுமாதிரிக் கட்டடம் எழுந்தால் ஊரின் புராதனம் கெட்டுவிடும்."

இரண்டு: "கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் முகப்பில் கோபுரமும் யாளித் தூணும் வைத்து, வாஸ்து பார்த்து, கோவில் மாதிரி கட்டுங்கள்."

மூன்று: "இரண்டும் முடியாதென்றால் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளுங்கள்."

இம்மூன்றையும் நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். நாம் பழைய கட்டடங்களை இடிக்கச் சொல்லுகிறவர்கள் அல்ல. ஒரு கட்டடத்தைப் பற்றி நாம் கேட்கின்ற கேள்வி, அது பழையதா புதியதா என்பதல்ல. அதற்கு எத்தனை வாசல், எந்த வாசல் யாருக்கு என்பதேயாகும்.

புராதனம் என்றால் என்ன?

பழமை பழமை என்று பேசுகிற கனவான்களை நாம் முதலில் சாத்தனூருக்கு அழைக்கின்றோம். பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள அவ்வூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கின்றது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர். வயது பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல். அரியலூர் மண்ணைத் தோண்டினால் கடற்சிப்பியும் நத்தையும் கல்லாய் வருகின்றன. அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. ஊரும் இல்லை, தெருவும் இல்லை, மனிதனே இல்லை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டாகி, ஊர் ஊராய் மாடியும் மண்டபமுமாக நிற்கின்றது. இதைவிடப் பழமை எது? உண்மையான பழமை எந்த ஜாதிக்கும் சொந்தமல்ல என்பதை அந்தக் கல்மரம் சொல்லுகின்றது. ஆனால், நமது கனவான்கள் சொல்லும் புராதனமோ, பத்துக் கோடி ஆண்டுப் பழமையுமல்ல. ஆயிரம் ஆண்டுப் பழமையுமல்ல. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று தங்கள் பாட்டனார் வைத்திருந்த வழக்கமே அவர்கள் மனதிலுள்ள புராதனம்.

ஆயிரம் ஆண்டுப் பழமை வேண்டுமென்றால் அதுவும் அருகிலேயே இருக்கின்றது. அரியலூர் ஜில்லாவில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கின்றது. முதலாம் இராசேந்திரன் கட்டிய அக்கோவிலை 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தார்கள். அதன் வெளிமதிற் கற்கள் எங்கே போயின தெரியுமா? 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, வெள்ளையர் சர்க்கார் அக்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய் அணையில் வைத்தார்கள். அந்த அணையின் தண்ணீரால் நெல் விளைந்தது உண்மை. ஆயினும் சரித்திரத்தைப் பெயர்த்தது தவறு என்றே நாமும் சொல்லுகின்றோம். இப்போது அத்தகைய சின்னங்களுக்குச் சட்டம் காவல் நிற்கின்றது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய சர்க்கார் பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாய் எதுவும் கட்டலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்திற்கும், பெரம்பலூர் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் அந்தச் சட்டம் உண்டு. அதை மீறச் சொல்லி நாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழையதைப் பழையதாகவே காப்பாற்றுவது ஒன்று; புதியதற்குப் பழைய வேஷம் போடுவது வேறொன்று. முன்னது அறிவு, பின்னது மோசடி.

கோவில் மாதிரி என்றால் என்ன மாதிரி?

"அந்தக் காலத்தில் கோவில்தானே நாடக அரங்கமாய் இருந்தது? ஆகவே அரங்கம் கோவில் மாதிரி இருப்பதுதானே தமிழர் முறை?" என்று ஒரு நண்பர் கேட்டார். கோவிலில் நாடகம் நடந்தது மெய்தான். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டைப் பார்த்தால், அங்கே இராசராசேசுவர நாடகம் ஆடிய கூத்தனுக்கு, இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வருஷத்திற்கு 120 கலம் நெல் கொடுத்த செய்தி இருக்கின்றது. அதற்கு முன்பே, முதலாம் இராசராசன் அக்கோவிலுக்கென்று 400 ஆடற்பெண்களைப் பல ஊர்க் கோவில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிப் பங்கு வைத்ததையும் கல்லிலே வெட்டியிருக்கின்றார்கள்.

நல்லது. கூத்தனுக்கு நெல் கொடுத்ததைக் கல் சொல்லுகின்றது. அந்த நெல்லை நட்டு அறுத்தவன் உள்ளே போய் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தானா? நமது மாகாணத்தில் கோவில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல்தான். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த சட்டம் வந்ததும் அதே 1947-இல்தான். ஆகவே, "கோவில் மாதிரி அரங்கம்" என்று சொல்லுகிறவர்கள், கோவிலின் எந்த மாதிரியைக் கேட்கின்றார்கள்? கல்லின் மாதிரியையா, கதவின் மாதிரியையா?

கோவிலை விட்டு வெளியே வந்த நாடகமாவது எல்லோருக்கும் பொதுவாயிருந்ததா? அதுவுமில்லை. நம் பாட்டனார் காலத்து நாடக நோட்டீசுகளில், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்பதற்குக் கீழே, "பஞ்சமர்களுக்கு இடமில்லை" என்றும் அச்சடித்து ஒட்டினார்கள். மேடையிலே அரிச்சந்திரன் சுடுகாட்டில் வெட்டியானாய் நின்று அழுவான், பார்க்கிறவர்களும் அழுவார்கள். ஆனால், உண்மையான வெட்டியானோ கொட்டகைக்கு வெளியே நிற்கவேண்டும்! இந்த அநியாயத்தை நினைத்துத்தான், 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலே, கடை, ஓட்டல், கிணறு, குளம் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்து, ஜாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று எழுதினார்கள். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும் அப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. நாடகக் கொட்டகையின் வாசலைத் திறக்க ஒரு தேசத்தின் அரசியல் சட்டமே வரவேண்டியிருந்தது என்றால், வாசல் என்பது சின்ன விஷயமா என்று யோசித்துப் பாருங்கள்.

பாரீசில் ஒரு வாசல்

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. பாரீசு நகரத்தின் நடுவில், 1875-இல் ஒரு பெரிய இசை நாடக அரங்கம் திறந்தார்கள். கார்னியே என்னும் சிற்பி கட்டியது. தங்கமும் பளிங்குமாய் இழைத்த அக்கட்டடத்தின் ஒரு பக்கம், சந்தாக் கட்டிய பணக்காரர்களின் வண்டி வந்து நிற்க ஒரு தனி வாசல். மற்றொரு பக்கம் சக்கரவர்த்திக்கென்று ஒரு தனி வாசல், வண்டியோடு மேலேறிப் போகச் சாய்தளம். ஆனால் நடந்ததென்ன? கட்டடம் முடிவதற்குள் 1870-இல் சக்கரவர்த்தியின் பட்டம் போயிற்று. 1873-இல் ஆளும் போனார். அந்த வாசலில் அவர் ஒரு நாளும் நுழையவில்லை. இன்று அந்தப் பகுதியில் நூலகமும் காட்சிச்சாலையும் இருக்கின்றன. ராஜாவுக்கென்று கட்டிய வாசல் கடைசியில் புத்தகம் படிக்கிறவனுக்கு வந்து சேர்ந்தது!

அடுத்த வருஷமே, 1876-இல், ஜெர்மனியில் பைராய்ட் என்னும் ஊரில் வாக்னர் என்பவர் வேறொரு அரங்கம் கட்டினார். அவர் யூதர்களை வெறுத்தவர். அந்த எண்ணத்தில் நமக்கு எள்ளளவும் சம்மதமில்லை. ஆனால் அவர் கட்டிய அரங்கத்திலே, பக்கச்சுவர்களில் பணக்காரருக்கென்று அடுக்கடுக்காய்த் தொங்கும் மாடப்பெட்டிகள் இல்லை. பின்புறத்தில் மட்டும் பெரிய இடத்தாருக்குச் சில பெட்டிகள் வைத்தாரேயொழிய, மற்ற ஆசனமெல்லாம் விசிறிபோல விரிந்து, படிப்படியாய் உயர்ந்து, மேடையை நேராகப் பார்த்தபடி இருந்தன. ஏன்? முன்னால் இருப்பவனை யார் என்று பார்ப்பதற்கு ஜனங்கள் வரவில்லை, நாடகத்தைப் பார்க்க வந்திருக்கின்றார்கள் என்பதனால். நம் நாட்டிலோ அதே 1876-இல், வெள்ளையர் சர்க்கார் நாடகங்களை அடக்குவதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது! சுயராஜ்யம் வந்த பிறகும், 1954-இல் சென்னை சர்க்கார் நாடகங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் செய்தது. அரங்கத்தைக் கண்டு அதிகாரம் பயப்படுவது எதனால்? அங்கே பலதரப்பட்ட ஜனங்கள் ஒன்றாய் உட்கார்ந்து, ஒன்றாய்ச் சிரித்துவிடுவார்கள் என்பதனால்தான்.

சென்னையில் நடந்தது

"தூரதேசத்துக் கதை எதற்கு? பழைய இடத்தில் புது அரங்கம் கட்டி நம் நாட்டில் யார் பார்த்தார்கள்?" என்று கேட்கலாம். சென்னைக்குப் போய்ப் பாருங்கள். சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபு 1768-இல் கட்டிய அரண்மனை இருக்கின்றது. அதன் அருகே அரசினர் தோட்டத்தில், 1802-இல் கோல்டிங்ஹாம் என்பவர் கட்டிமுடித்த விருந்து மண்டபம் இருக்கின்றது. திப்பு சுல்தானைக் கொன்று சீரங்கப்பட்டணத்தைப் பிடித்த வெற்றியைக் கொண்டாட, வெள்ளையர் கிரேக்கக் கோவில் மாதிரி எழுப்பிய கட்டடம் அது. 1948-இல் அதற்கு ராஜாஜி மண்டபம் என்று பெயர் மாற்றினார்கள். அதே தோட்டத்தில் 1952-இல் ஒரு புதுக்கட்டடம் எழுப்பி, 1956 வரை சட்டசபை நடத்தினார்கள். பிறகு அது பாலர் அரங்கமாயிற்று. பிறகு கலைவாணர் அரங்கமாயிற்று. அதனை எடுத்துவிட்டு, அதே பெயரில் இக்காலத்து முறையில் வேறு அரங்கம் கட்டி 2016-இல் திறந்தார்கள். 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் சட்டசபையே மறுபடியும் அங்கு வந்து கூடிற்று.

இதனால் நவாபின் அரண்மனை இடிந்துவிட்டதா? ராஜாஜி மண்டபத்தின் படிக்கட்டு தேய்ந்துவிட்டதா? ஒன்றுமில்லை. அந்த மண்டபம் விருந்துண்ட துரைமார் ஞாபகத்திற்கு எழுந்தது; இந்த அரங்கமோ, சிரிக்க வைத்தே ஜனங்களுக்குப் புத்தி புகட்டிய நாடகக்காரர் என்.எஸ். கிருஷ்ணனின் ஞாபகத்தைத் தாங்குகின்றது. இரண்டும் ஒரே தோட்டத்தில் நிற்பதால், சரித்திரம் எங்கே இருந்து எங்கே வந்தது என்பது குழந்தைக்குக்கூட விளங்குகின்றது. புதியது பழையதைப்போல் வேஷம் போட்டிருந்தால் இது விளங்குமா?

வேஷத்திற்கும் ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். சென்னை மத்திய ரயில் நிலையத்திற்குப் பக்கத்திலுள்ள விக்டோரியா மண்டபம் 1880-களில் எழுந்தது. சிசோம் என்னும் வெள்ளைக்காரர் வரைந்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். வெள்ளைக்கார ராணியின் பெயர்; கோபுரத்தின் தலையில் திருவிதாங்கூர்ப் பாணிக் கூரை. கட்டடம் அழகுதான், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுணவிலாச சபை நாடகங்களால் பெருமை பெற்றதுந்தான். ஆனால், அன்று புதிதாய் வந்த ஆட்சி, தன்னைப் பழைய ஆட்சியின் வாரிசென்று காட்டிக்கொள்ளவே அந்த உடையைப் போட்டது. இன்று "தமிழர் பாணி" என்று சிமெண்டில் யாளி செய்து ஒட்டச் சொல்லுகிறவர்களும் அந்தத் தந்திரத்தைத்தான் செய்கின்றார்கள். இராசேந்திரன் காலத்துச் சிற்பி தன் காலத்துக் கல்லில் தன் காலத்து வேலையைச் செய்தான். அவனுக்கு முந்திய காலத்து மண்சுவரைப் பார்த்துக் கல்லில் காப்பி அடிக்கவில்லை. அவனுக்கு நாம் செய்யும் மரியாதை, நம் காலத்து வேலையை நாம் செய்வதேயாகும்.

வாஸ்துவும் வழியும்

வாஸ்துவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எனினும் ஒரு துக்கத்தை ஞாபகப்படுத்துகின்றோம். 2004 சனவரியில் திருவரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தின் ஓலைப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இறந்தவர்களைப் பற்றி நாம் ஒரு குறையும் சொல்லோம். ஆனால், நல்ல நேரம் பார்க்காமல் நடக்கும் மண்டபக் கலியாணம் எது? நேரம் நெருப்பைத் தடுக்கவில்லை. எரியாத கூரையும், ஒழுங்கான மின்சாரக் கம்பியும், அகலமான வழிகளும் இருந்தால்தான் நெருப்பில் மனிதன் பிழைக்கின்றான். குறுகலான பழைய தெருவில் அரங்கம் கட்டும்போது ஈசானிய மூலை எது என்று கேட்பவன் நமக்கு வேண்டாம். தீயணைக்கும் வண்டி எந்தப் பக்கமாய் உள்ளே வரும் என்று கேட்பவனே வேண்டும்.

ஊருக்கு வெளியே!

மூன்றாவது ஆட்சேபணைக்கு வருவோம். "ஊருக்கு வெளியே கட்டு" என்பது நமக்குப் புதிய வார்த்தையல்ல. சேரியை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் சொன்ன அதே வார்த்தை. திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் அரங்கம் கட்டினால் யார் வருவார்கள்? கார் வைத்திருப்பவர்கள் வருவார்கள். கூலி வேலை முடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வருகின்ற பெண்பிள்ளை வருவாளா? நாடகம் விட்டதும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க அவள் இருட்டில் எவ்வளவு தூரம் நடப்பாள்? அரங்கத்தின் இடத்தைத் தீர்மானிப்பது அவளுடைய கடைசிப் பஸ்ஸாயிருக்க வேண்டுமேயொழிய, பெரிய மனிதரின் கார் நிறுத்துமிடமாய் இருக்கலாகாது.

ஆனால், அந்த ஆட்சேபணையில் ஒரு நியாயமும் இருக்கின்றது. அதை நாம் மறைக்கமாட்டோம். பழைய தெருக்காரர்கள் தூங்கவேண்டும், நோயாளிகள் இருப்பார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பயப்படுவது சத்தத்திற்கும் கூட்டத்திற்கும். அதற்குப் பரிகாரம் விரட்டுவதல்ல, வகையாய்க் கட்டுவது. சுவரைக் கனமாய் எழுப்பி, கதவை இரட்டைக் கதவாய் வைத்தால், உள்ளே பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும். வெளியே வீட்டுக்குக் கேட்காது. கட்டடத்தின் தெருமுகம் பக்கத்து வீட்டின் உயரத்தைத் தாண்டாமல், திரையும் விளக்கும் தொங்கும் உயரமான பகுதி பின்னால் தள்ளி இருந்தால், தெருவுக்கு நிழலும் போகாது, காற்றும் போகாது. முகப்பில் ஒரு நீண்ட திண்ணை வேண்டும். பழைய தெருவின் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. இந்தத் திண்ணையில் வெயிலுக்கு ஒதுங்குகிறவன் எவனும் உட்காரலாம். எழுந்திரு என்று சொல்ல அங்கே எவனுக்கும் அதிகாரமில்லை. பழைய தெருவுக்கு நாம் செய்யும் மரியாதை இதுதான்: அதன் நல்லதை எடுத்து, அதன் இழிவை விட்டுவிடுவது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

நிற்க. எதிரிகளை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது யோக்கியமாகாது. நமது தோழர்களிலும் சிலர், "அரங்கம் வந்தால் முகப்பில் இன்னார் சிலை, வாசலில் வளைவு, சுவரில் கல்வெட்டு, அதில் நம் பெயர்" என்று ஆரம்பிக்கின்றார்கள். கோபுரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வளைவைக் கட்டினால் என்ன வித்தியாசம்? முகப்புக்குப் பணமெல்லாம் செலவாகி, பின்னால் வேஷம் கட்டுகிற பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு அறையும், ஒரு கழிப்பிடமும் இல்லாத கட்டடத்தை யார் கட்டினாலும் அது பித்தலாட்டமே. பெயர் வைப்பதானால் பொருத்தமாய் வைக்கலாம். அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கத்திற்கு, நல்ல மதிப்பெண் வாங்கியும் மருத்துவம் படிக்க இடம் கிடைக்காமல் 2017-இல் உயிரிழந்த குழுமூர் அனிதாவின் பெயர் வைக்கப்படும் என்று 2023-இல் சர்க்கார் அறிவித்தது. உள்ளே வரவிடாமல் தடுக்கப்பட்டவரின் பெயர் வாசலில் இருப்பது நியாயம்.

ஆகவே, பெரம்பலூர், அரியலூர்த் தோழர்கள் நகராட்சியிடமும் சர்க்காரிடமும் மனு கொடுக்கும்போது, "அரங்கம் வேண்டும்" என்று மாத்திரம் எழுதி நிறுத்தலாகாது. கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும்:

1. தெருவிலிருந்து உள்ளே போக எல்லோருக்கும் ஒரே வாசல். கலெக்டரும் கல்வெட்டுகிறவனும் அதே வழியாய் வரவேண்டும்.

2. அந்த வாசலில் படிக்கட்டோடு சாய்தளமும் இருக்கவேண்டும். உடல் ஊனமுற்றோர் உரிமைக்கு 2016-இல் சட்டமே வந்திருக்கின்றது. பாரீசில் சக்கரவர்த்தியின் வண்டிக்குச் சாய்தளம் போட்டார்கள்; நாம் நடக்க முடியாதவருக்குப் போடுவோம்.

3. எந்த ஆசனத்திலிருந்தும் மேடை நேராய்த் தெரிய வேண்டும். முன் வரிசை சோபா பிரமுகர்களுக்கென்று ஒதுக்கப்படலாகாது.

4. நெருப்பு வந்தால் வெளியேறப் பல வழிகள் இருக்கவேண்டும். உள்ளே வர ஒரு வாசல், உயிர் பிழைக்கப் பல வாசல்.

5. பெண்களுக்குத் தனி ஒப்பனை அறை, கழிப்பிடம், பால் கொடுக்க இடம்.

6. தெருப்புழுதியில் விடிய விடிய ஆடுகின்ற கூத்துக்காரருக்கு, அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில், வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள்.

7. பூமி பூசை இல்லை, வாஸ்து இல்லை, சிமெண்டு யாளி இல்லை. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு வரிசை ஆசனம்.

தோழர்களே! அரியலூரின் கல்லை வெட்டுகிறவன் தூசியைத் தின்று வெட்டுகின்றான். அது சிமெண்டாகி யார் யாருக்கோ மண்டபமாகின்றது. அவன் மட்டும் கூத்தைக் களரிக்கு எட்ட நின்று பார்த்தே தலைமுறை தலைமுறையாய்க் கழிந்துவிட்டது. அவன் வெட்டிய கல்லில், அவன் ஊரின் நடுவில் ஒரு அரங்கம் எழுந்து, அவன் நடு வாசலில் நுழைந்து, நடு வரிசையில் உட்கார்ந்து, கட்டியங்காரன் பெரிய மனிதரைக் கேலி செய்யும்போது கையைத் தட்டிச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புச் சத்தம் தேரோடும் தெருவுக்கும் சற்றுக் கேட்டால், அதனால் எந்தப் புராதனமும் இடிந்துவிடாது. இடிந்தால் அது இடிய வேண்டியதே.